முதலில் அள்ளு, அப்புறம் துடை

பேக்கப் எடுக்குமுன் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யச் சொல்லித்தான் எல்லா வழிகாட்டிகளும் ஆரம்பிக்கும். வேண்டாததை அழி, டீஃபிராக் போடு, டிஸ்கைச் சோதி, பிறகு பேக்கப் எடு. மூன்று வயதுக் கம்ப்யூட்டருக்கு இந்த வரிசை சரி. பன்னிரண்டு, பதிமூன்று வயதானதற்கு ஆபத்து. டீஃபிராக் டிஸ்க் நெடுகச் சிதறிய ஃபைல்களைப் படித்து இடம் மாற்றி எழுதும். 'செக்டிஸ்க்' கட்டளையை 'ஆர்' சுவிட்சோடு ஓட்டினால் பேட் செக்டார் தேடி ஒரு செக்டார் விடாமல் தடவிப் பார்க்கும். வருஷக்கணக்காகக் கரண்ட் பில் கட்டவும் பாட்டுக் கேட்கவும் மட்டுமே ஓடிய டிஸ்க், இந்த உழைப்பின் நடுவில் நின்றுபோனால் கையில் ஒரு நகலும் இருக்காது.

ஆகவே வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் அள்ளு. பிறகு டிஸ்கின் உடம்பு எப்படி என்று பார். உடம்பு சரியாக இருந்தால் மட்டும் துடைத்துப் பெருக்கி, கடைசியில் முழு பேக்கப். கீழே உள்ள குறிப்புகள் அனேகமாக அந்த வரிசையில்தான் இருக்கின்றன. சில இடம் மாறியிருக்கலாம்.

*

இந்தக் குறிப்புகளுக்குக் காரணமான மெஷின் பெரியப்பாவுடையது. தெருமுனைக் கடையில் அசெம்பிள் செய்தது. விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம், 500 ஜிபி டிஸ்க். அதில் கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்கிறது. கோயில் கும்பாபிஷேக மலர், உறவுக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகைகள், கடைக்கு டேலி கணக்கு, போட்டோக்கள்.

விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தியது 2020 ஜனவரி 14. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆக, 'பழைய கம்ப்யூட்டர்' என்ற பட்டியலில் இன்று பல வீட்டு மெஷின்கள் சேர்ந்துவிடும்.

*

"முக்கியமானது எல்லாம் டி-யிலதான்டா வச்சிருக்கேன். சி போனாலும் கவலை இல்லை."

பெரியப்பா மட்டுமல்ல, நம் ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பாதிப் பேர் இப்படித்தான் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. அசெம்பிள் செய்யும்போதே கடைக்காரர் டிஸ்கை சி, டி, இ என்று பிரித்துவிடுவார். விண்டோஸ் மக்கர் செய்தால் சர்வீஸுக்கு வருபவர் சி-யை மட்டும் ஃபார்மேட் அடித்துப் புதிதாகப் போடுவார். டி தப்பிக்கும். இரண்டு மூன்று முறை தப்பித்ததும் அது பெட்டகம் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் சி, டி, இ மூன்றும் ஒரே தட்டின் மேல் போட்ட கோடுகள். மோட்டார் நின்றால் மூன்றும் சேர்ந்தே போகும்.

இன்னொன்று. டெஸ்க்டாப்பில் கொட்டிக் கிடக்கும் ஃபைல்கள், டவுன்லோட்ஸ், 'மை டாக்குமெண்ட்ஸ்' எல்லாமே சி-யில்தான் இருக்கின்றன. "சி-ல ஒண்ணும் இல்லியே சார், அடிச்சிரலாமா?" என்று கேட்கும்போது தலையாட்டி இழந்தவர்கள் எத்தனையோ பேர்.

*

முதல் அள்ளலில் சேர வேண்டியவை. இவை மொத்தமாகவே சில ஜிபிதான் வரும், போட்டோ, வீடியோ நீங்கலாக.

டேலி டேட்டா ஃபோல்டர். உள்ளே ஒவ்வொரு கம்பெனிக்கும் 10000 போன்ற ஐந்து இலக்க எண்ணில் ஒரு ஃபோல்டர். பெயரைப் பார்த்தால் குப்பை போல இருக்கும், அழித்துவிடத் தோன்றும். அழித்தால் அந்தக் கம்பெனியின் கணக்கே போய்விடும்.

மெயில். அவுட்லுக் வைத்திருந்தால் ஒரே பெரிய 'பிஎஸ்டி' ஃபைல். எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்றால் 'டிபிஎக்ஸ்' ஃபைல்கள், மறைந்த ஃபோல்டருக்குள் மறைந்த ஃபோல்டரில். முதலில் 'மறைந்த ஃபைல்களைக் காட்டு' என்பதை ஆன் செய்தால்தான் கண்ணில் படும்.

பழைய போன்கள். நோக்கியா பிசி சூட் எடுத்து வைத்த 'என்பியு' ஃபைல்கள். அந்தக் காலத்து எஸ்எம்எஸ்களும் தொலைபேசி எண்களும் வேறெங்கும் இல்லை.

பிரவுசர் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டுகள்.

ஃபைல் பெயர் பச்சை நிறத்தில் தெரிந்தால் நின்று கவனிக்கவும். அது விண்டோஸ் தன் சாவியால் பூட்டி வைத்த ஃபைல். சாவியான சர்டிஃபிகேட்டை ஏற்றுமதி செய்யாமல் ஃபைலை மட்டும் அள்ளினால் வேறு மெஷினில் திறக்காது.

கடைசியாக, வீட்டில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்பது. "இதுல உங்களோடது என்ன இருக்கு?" பெரியம்மா சமையல் குறிப்புகளை நோட்பேடில் அடித்து 'நியூ ஃபோல்டர் 3' என்பதில் வைத்திருந்தார். எந்த மென்பொருளும் அதை முக்கியம் என்று கண்டுபிடித்திருக்காது.

*

தமிழ் ஃபைல்கள். இதற்குத் தனிப் பக்கம் வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டி எதிலும் இது இருக்காது.

கும்பாபிஷேக மலரின் வேர்டு ஃபைலை என் லேப்டாப்பில் திறந்தேன். ஃபைல் பழுதில்லை, ஒரு பைட்கூடக் குறையவில்லை. ஆனால் ஒரு வரியும் படிக்க முடியவில்லை. பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது ஆங்கில எம், கே, ஓர் அரைப்புள்ளி, மறுபடி கே, கடைசியில் எச். அந்த ஐந்துக்கும் தமிழ் உருவம் கொடுப்பது பாமினி எழுத்துரு. எழுத்துரு இல்லாத மெஷினில் அந்த ஐந்தும் அப்படியே ஆங்கிலமாகப் பல்லிளிக்கும். தேடல் பெட்டியில் 'அம்மா' என்று யூனிகோடில் அடித்தாலும் அகப்படாது.

1990களிலும் அதற்கடுத்த சில வருஷங்களிலும் வீட்டுக்கு ஒரு குறியேற்றம். பாமினி, வானவில், ஸ்ரீலிபி, டிஸ்கி, டாப், டாம். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டில் ஒழுங்குபடுத்தும் முயற்சி நடந்தது. தமிழ்99 விசைப்பலகையும் டாப், டாம் குறியேற்றங்களும் அப்போது வந்தவை. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவோடு யூனிகோட் தமிழைக் கொண்டுவந்தது. ஆனால் எக்ஸ்பியில் அந்த வசதியை சிடி போட்டுத் தனியாக ஏற்ற வேண்டியிருந்ததால் பலரும் பழைய வழியிலேயே தொடர்ந்தார்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்து ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. ஆகவே 2010-க்கு முந்தைய தமிழ் ஃபைல் எதுவானாலும் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

செய்ய வேண்டியது மூன்று. ஒன்று, சி-யில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரை முழுசாக நகலெடு. எது தமிழ், எது இல்லை என்று ஆராய நேரம் செலவிடாதே. இரண்டு, பழைய மெஷின் ஓடும்போதே முக்கியமான ஆவணங்களை பிடிஎஃப் ஆக்கு. எழுத்துரு உள்ளேயே பொதிந்துவிடுவதால் எங்கு திறந்தாலும் தெரியும். மூன்று, யூனிகோடுக்கு மாற்று. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் மூலத்தை அழிக்காதே. பாமினி பத்திக்கு நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் மாற்றி அதையும் தமிழ் என்று நினைத்து உளறலாக்கிவிடும். மெய்ப்பு பார்க்க மூலம் வேண்டும்.

கல்யாணப் பத்திரிகைகளெல்லாம் பேஜ்மேக்கரில் செய்தவை. அடோபி இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் பேஜ்மேக்கர் ஃபைலைத் திறக்கும், பிந்தைய பதிப்புகள் திறக்காது. இதற்கும் பிடிஎஃப்தான் கதி. டிடிபி மென்பொருள் சிலவற்றுக்கு டாங்கிள் உண்டு, பின்னால் செருகும் சின்னப் பூட்டு. அதை எந்த பேக்கப்பும் நகலெடுக்காது. கழற்றி, பெயர் எழுதி, டப்பாவில் போட்டு வைக்க வேண்டும்.

ஃபைலின் பெயரே தமிழில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 7-இல் வலது கிளிக் செய்து ஜிப் ஆக்கப் பார்த்தால் 'இந்த எழுத்துகளை ஏற்க முடியாது' என்று மறுத்துவிடும். 7-ஜிப் ஏற்றுக்கொள்ளும்.

*

அள்ளியாயிற்று. இனி டிஸ்கின் நாடி.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, இலவசம். திறந்ததும் மேலே நீலத்தில் 'குட்', மஞ்சளில் 'காஷன்', சிவப்பில் 'பேட்'. அந்த நிறத்தோடு நின்றுவிடக் கூடாது. கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும். 05 என்பது பழுதாகி மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். சி5 என்பது படிக்கத் திணறி, முடிவுக்காகக் காத்திருப்பவை. சி6 என்பது சரிசெய்யவே முடியாதவை. கடைசிப் பத்தியில் எல்லாம் பூஜ்யமானால் நிம்மதி. அந்த எண் பதினாறடிமானத்தில் இருக்கும், 10 என்று காட்டினால் 16 என்று பொருள். மூன்றிலும் விடாமல் கவனிக்க வேண்டியது சி5. அங்கே எண் ஏறிக்கொண்டே போனால் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு நகலெடுக்க வேண்டியதுதான்.

பூஜ்யம் என்றால் முழு நிம்மதியா? 2007-இல் கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஸ்கேன் பிழை தலைகாட்டிய டிஸ்க், பிழையே இல்லாததைக் காட்டிலும் அடுத்த 60 நாளில் செத்துப்போக 39 மடங்கு வாய்ப்பு அதிகம் என்றது அது. அதே கட்டுரையில் இன்னொரு கணக்கும் இருந்தது. செத்த டிஸ்குகளில் 56 சதவீதத்துக்கு மேல், நான்கு முக்கியக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அதாவது மஞ்சள் வந்தால் நம்பு, நீலத்தை நம்பாதே.

காதும் ஒரு கருவி. ஒரே சீராக 'டக்... டக்... டக்' என்று கேட்டால் படிக்கும் தலை இடம் தெரியாமல் திரும்பத் திரும்ப முட்டுகிறது. உடனே நிறுத்து. அதற்கு மேல் வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

*

மஞ்சள் வந்துவிட்டால் சுத்தம் செய்யும் படியை முழுக்கத் தாண்டிவிட வேண்டும். செக்டிஸ்க் கூடாது, ஆன்டிவைரஸ் ஸ்கேன் கூடாது. டிஸ்கைக் கழற்றி இன்னொரு மெஷினில் மாட்டி, லினக்ஸில் 'டிடிரெஸ்க்யூ' ஓட்டுவது நல்லது. நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் வேகமாக வாரிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசிக்குத் தள்ளும். எது முடிந்தது, எது பாக்கி என்று ஒரு வரைபட ஃபைலில் எழுதிவைப்பதால் நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 'முதலில் அள்ளு' என்பதை ஒரு புரோகிராமாக எழுதினால் இதுதான்.

கழற்றிய டிஸ்கை விண்டோஸ் மெஷினில் மாட்டினால் 'இந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதியில்லை, தொடரவா?' என்று கேட்கும். 'தொடர்' கொடுத்தால் திறக்கும், ஆனால் அனுமதிகளை மாற்ற அந்த நோயாளி டிஸ்கிலேயே எழுதும். படிப்பதற்கு மட்டும் என்று மாட்ட லினக்ஸில் முடியும்.

லேப்டாப்பின் சின்ன சாட்டா டிஸ்க் என்றால் சின்ன யுஎஸ்பி அடாப்டர் போதும். டெஸ்க்டாப்பின் பெரிய டிஸ்க் என்றால், சாட்டாவானாலும் அகலப் பட்டை கேபிள் போட்ட ஐடிஇயானாலும், அடாப்டரோடு தனி பவர் சப்ளையும் வேண்டும், கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

*

மூடியைத் திறப்பது. அள்ளுவதற்கு முன் வேண்டாம். பல வருஷம் ஓடிய டிஸ்க் சிலது நிறுத்திக் குளிர்ந்தால் மறுபடி சுழல மறுக்கும்.

ப்ளக்கைப் பிடுங்கியபின் திறக்கவும். மதர்போர்டில் சின்ன உருளைகள், கெப்பாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாகக் கசிந்திருந்தால், மெஷின் எந்த நேரமும் தானாக ரீஸ்டார்ட் ஆகும். 2000-க்குப் பிறகு சில வருஷங்கள் வந்த போர்டுகளில் இது ஒரு கொள்ளைநோயாகவே இருந்தது. அப்படிப்பட்ட போர்டில் பல மணி நேர பேக்கப்பை ஓட்டுவது வீண். டிஸ்கை மட்டும் கழற்றி வேறு மெஷினில் மாட்டு.

ரேமைப் பிடுங்கி, தங்கநிறப் பற்களை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது நம்ம ஊர் வைத்தியம். பீப் சத்தம் போட்டு உயிர் வராத மெஷின்கள் இதற்கு மசியும். தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்ற விடக் கூடாது.

போர்டில் நாணயம் மாதிரி ஒரு பேட்டரி, சிஆர்2032, 3 வோல்ட். இது செத்துவிட்டால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். அதனால் என்ன என்று தோன்றும். இணையதளங்கள் 'சர்டிஃபிகேட் பிழை' என்று திறக்க மறுக்கும். புதிதாக உருவாக்கும் ஃபைல்களில் தப்பான தேதி விழும். தேதி பார்த்து 'எது புதியது' என்று முடிவு செய்யும் பேக்கப் மென்பொருள் குழம்பும். ஆனால் மாற்றுமுன் பயாஸ் திரைகளைப் போனில் படமெடுக்க வேண்டும். டிஸ்க் 'ஏஹெச்சிஐ' முறையில் இருந்து, பேட்டரி மாற்றியதும் பழைய 'ஐடிஇ' முறைக்குத் திரும்பிவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நிற்கும். டிஸ்க் போய்விட்டது என்று பதறுவார்கள். அந்த ஒரு வரியைத் திருப்பி மாற்றினால் போதும்.

*

கரண்ட். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைப் பேப்பரில் பார்த்துவிட்டு நாள் குறிக்கவும். காலை 9 மணிக்குப் போனால் மதியத்துக்குப் பிறகுதான் வரும். வீட்டு யுபிஎஸ் அத்தனை நேரம் தாங்காது. அது ஒழுங்காக மூடிவிட்டு எழுந்திருக்கக் கொடுக்கும் சில நிமிஷம்தான். அதுவும் பேட்டரி பழசானால் இல்லை. ப்ளக்கைப் பிடுங்கிச் சோதிப்பதானால் அதை பேக்கப்புக்கு முன்னால், முக்கியமான எதுவும் திறந்திராதபோது செய்துவிட வேண்டும்.

பவர் ஆப்ஷனில் ஸ்லீப் 'நெவர்'. ஸ்க்ரீன்சேவர் வேண்டாம். ஆன்டிவைரஸின் கால அட்டவணை ஸ்கேனை நிறுத்தி வை. சித்திரை, வைகாசி வெயிலானால் ராத்திரியில் ஓட விடு.

*

நேரக் கணக்கு. யுஎஸ்பி 2.0-இன் ஏட்டு வேகம் விநாடிக்கு 480 மெகாபிட். கைக்கு வருவது சுமார் 30 எம்பி. ஆக 100 ஜிபிக்கு ஒரு மணி நேரம். இதுவே பழைய யுஎஸ்பி 1.1 துவாரமானால் விநாடிக்கு 1 எம்பி வந்தால் பெரிது. அதே 100 ஜிபிக்கு ஒரு நாளுக்கு மேல். குட்டி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

கேபினெட்டின் முன்பக்கத் துவாரத்தில் செருகாதே. உள்ளே மெல்லிய ஒயர், பாதி நேரம் தளர்ந்திருக்கும். யுஎஸ்பி 2.0 கொடுப்பது 500 மில்லி ஆம்பியர். யுஎஸ்பி 3-க்கான எக்ஸ்டர்னல் டிஸ்க் 900 வரை எதிர்பார்க்கலாம். முன்பக்கம் செருகி 'டிஸ்க் வேலை செய்யல' என்று திருப்பிக் கொடுக்கப் போகுமுன் பின்பக்கம், போர்டோடு ஒட்டிய துவாரத்தில் செருகிப் பார்க்கவும்.

*

எதில் எடுப்பது?

பென்டிரைவில் வேண்டாம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கு. மெஷின் எக்ஸ்பி என்றால் 2 டிபிக்கு மேல் வாங்காதே. அதற்கு மேலானதைக் கையாளும் பிரிவு முறை வழக்கமான எக்ஸ்பிக்குத் தெரியாது.

ஃபார்மேட் என்டிஎஃப்எஸ் ஆக இருக்கட்டும். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தொட முடியாது. கல்யாண வீடியோவும் பேக்கப் இமேஜும் (டிஸ்கை அப்படியே அச்செடுத்த நகல்) அங்கே முட்டி நிற்கும், சில சமயம் 'இடம் இல்லை' என்றுகூடச் சொல்லும். டிஸ்கோ முக்கால்வாசி காலியாக இருக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் சோதித்துப் பார். 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற சின்ன ஜெர்மன் கருவி, சொன்ன கொள்ளளவு முழுவதும் எழுதிப் படித்துக் காட்டும். போலி என்றால் முதல் சில ஜிபிக்குப் பிறகு குட்டு உடையும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் புது டிஸ்கின் ஓடிய மணி நேரத்தையும் பார். புதிது என்று வாங்கியது ஆயிரக்கணக்கான மணி காட்டினால் விஷயம் விளங்கிவிடும்.

*

வலது கிளிக், காப்பி, பேஸ்ட் செய்து எல்லாவற்றையும் நகர்த்தப் பார்ப்பவர்கள் பாதியில் ஒரு பழுது ஃபைல் வந்ததும் நிற்பார்கள். எது போயிற்று, எது பாக்கி என்று தெரியாது. விண்டோஸ் 7-இலேயே 'ரோபோகாப்பி' இருக்கிறது. பதிவேடு எழுதிக்கொண்டே நகலெடுக்கும். ஒரு பொறி மட்டும் உண்டு. ஒரு ஃபைலைப் படிக்க முடியாவிட்டால் எத்தனை முறை முயல வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், அது தானாக வைத்திருக்கும் எண் 10 லட்சம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 30 விநாடி காத்திருப்பு. கணக்குப் போட்டால் ஒரே ஒரு பழுது ஃபைலுக்காகக் கிட்டத்தட்ட ஒரு வருஷம். 'ஆர்' ஒன்று, 'டபிள்யூ' ஒன்று என்று கொடுத்துவிட்டால் ஒரு தரம் முயன்று, பெயரைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்.

பயனர் ஃபோல்டர் முழுவதையும் எடுக்கும்போது 'எக்ஸ்ஜே' சேர்க்கவும். இல்லாவிட்டால் 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற போலி வாசலில் நுழைந்து தன்னையே சுற்றிக்கொண்டிருக்கும்.

*

டிஸ்க் தேறிவிட்டது, முக்கியமானது வெளியே வந்துவிட்டது என்றால் இப்போது துடைக்கலாம். குறைவாகத் துடை.

ஹைபர்னேஷன் ஃபைலை நீக்கலாம். விண்டோஸ் 7-இல் ரேமின் முக்கால் பங்கு அளவுக்கு இடம் பிடித்திருக்கும். 'பவர்சிஎஃப்ஜி' கட்டளையால் ஹைபர்னேஷனை ஆஃப் செய்தால் தானாக மறையும். டெம்ப் ஃபைல்களை டிஸ்க் க்ளீனப் பார்த்துக்கொள்ளும்.

மற்றபடி 'இது வேண்டுமா, வேண்டாமா' என்று உட்கார்ந்து போட்டோக்களைக் கழிப்பது இப்போது வேண்டாம். பழைய டிஸ்க் முழுவதும் புதுசின் ஒரு மூலையில் அடங்கிவிடும்போது கழிப்பதால் மிச்சமாகப் போவது என்ன? ரீசைக்கிள் பின்னைக்கூட யாரிடமும் கேட்காமல் காலி செய்யாதே. அதையே அலமாரியாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள்.

வைரஸ். பென்டிரைவ் காலத்துக் குட்டிகள் பழைய மெஷினில் நிச்சயம் உறங்கும். ஃபோல்டர் சின்னம் போட்டுக்கொண்டு உண்மையில் புரோகிராமாக இருக்கும் ஃபைல்கள், ஃபோல்டரை மறைத்து ஷார்ட்கட்டாக மாற்றுபவை. இமேஜ் எடுத்தால் அவையும் சேர்ந்தே பத்திரமாகும். புது லேப்டாப்பில் அந்த நகலைத் திறக்குமுன் அங்கேயுள்ள ஆன்டிவைரஸை ஒரு சுற்று ஓட்டு. 2017 மே மாதம் வான்னாக்ரை பரவியபோது, மாட்டியபடியே விட்டிருந்த பேக்கப் டிஸ்குகளும் சேர்ந்து பூட்டப்பட்டன. வேலை முடிந்ததும் டிஸ்கைக் கழற்றி வை.

*

முழு இமேஜ்.

விண்டோஸ் 7-இலேயே 'சிஸ்டம் இமேஜ்' உண்டு. மூன்று விஷயம் மட்டும். சி-க்கு முன்னால் 100 எம்பியில் டிரைவ் எழுத்து இல்லாத ஒரு பகுதி இருக்கும், 'சிஸ்டம் ரிசர்வ்டு'. அதுவும் சேர வேண்டும், இல்லாவிட்டால் மீட்டபின் பூட் ஆகாது. அதில் 50 எம்பி காலியாக இல்லாவிட்டாலும் இமேஜ் தோல்வியடையும், செய்தியோ 'டிஸ்கில் இடமில்லை' என்று வந்து குழப்பும். இரண்டாவது, டிஸ்கின் மேல்மட்டத்தில் அது உருவாக்கும் 'விண்டோஸ்இமேஜ்பேக்கப்' ஃபோல்டரின் பெயரை மாற்றாதே. மாற்றினால் மீட்கும் சிடிக்குக் கண் தெரியாது. மூன்றாவது, அந்த மீட்பு சிடியை இப்போதே எரித்து வை. 32 பிட் மெஷினுக்கு 32 பிட் சிடி.

வெளிக்கருவி வேண்டுமானால் க்ளோன்ஜில்லா. தைவானின் உயர்திறன் கணினி மையத்தில் உருவானது, இலவசம். விண்டோஸுக்கு வெளியே பென்டிரைவிலிருந்து பூட் ஆகும். முன்பு எல்லோரும் சொல்லிவந்த மேக்ரியம் ரிஃப்ளெக்டின் இலவசப் பதிப்பு 2023-ஓடு நின்றுவிட்டது.

இத்தனை பாடுபட்டு எடுத்த இமேஜைப் புது மெஷினில் அப்படியே இறக்க முடியாது. டிரைவர்கள் வேறு, லைசென்ஸ் வேறு. பின் எதற்கு? 'டிஸ்க்2விஹெச்டி' என்று மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் கருவி ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினை அப்படியே ஒரு மெய்நிகர் டிஸ்க் ஃபைலாக்கும். அதை விர்ச்சுவல்பாக்ஸில் பூட் செய்தால், ஆக்டிவேஷன் கேட்டு நச்சரிக்கலாம்தான், ஆனால் பேஜ்மேக்கர், பாமினி, பழைய டேலி எல்லாம் புது லேப்டாப்பின் ஒரு ஜன்னலுக்குள் பழையபடி திறக்கும். என் கணக்கில் முழு பேக்கப்பின் மிகப் பெரிய லாபம் இதுதான். ஃபைலோடு அதைத் திறக்கும் கையும் சேர்ந்து வருகிறது.

*

சிடி பவுச். 'பேக்கப் 2006' என்று மார்க்கரில் எழுதிய தட்டுகள். கம்ப்யூட்டரோடு சேர்த்து இவற்றையும் பார்க்க வேண்டும். கல்யாண விசிடியில் 'எம்பெக்ஏவி' ஃபோல்டரில் இருக்கும் 'டாட்' ஃபைல்தான் படம். விசிடியின் வீடியோ செக்டார்களில் கூடுதல் இடத்துக்காகப் பிழைதிருத்தப் பகுதியை விட்டுவிட்டார்கள். பிளேயரில் ஒரு கீறல் கண் சிமிட்டலாகப் போய்விடும், காப்பி போட்டால் பிழை காட்டி நிற்கும். ஒரு டிரைவில் படிக்காத தட்டு இன்னொன்றில் படிக்கும். இரண்டு, மூன்று டிரைவில் முயன்றபிறகே தூக்கிப் போடவும்.

*

சரிபார்ப்பு. 'வெற்றிகரமாக முடிந்தது' என்ற செய்தி போதாது. மூல ஃபோல்டரிலும் நகலிலும் ப்ராப்பர்டீஸ் திறந்து ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒப்பிடவும். 'சைஸ் ஆன் டிஸ்க்' மாறலாம், 'சைஸ்' மாறக் கூடாது. முக்கியமான பெரிய ஃபைலுக்கு 'செர்ட்யூட்டில்' கட்டளையால் இரண்டு பக்கமும் ஹேஷ், அதாவது ஃபைலின் கைரேகை, எடுத்துப் பார்க்கலாம். பிறகு வேறொரு மெஷினில் ஆகப் பழைய வேர்டு ஃபைல், ஆகப் பெரிய வீடியோ, கடைசிப் போட்டோ, டேலியில் ஒரு வருஷக் கணக்கு ஆகியவற்றைத் திறந்து பார்க்கவும்.

*

மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பிரபலமாக்கிய கணக்கு. மூன்றாவது பகுதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்த வீடுகளில் கம்ப்யூட்டரும் பக்கத்து அலமாரியில் இருந்த பேக்கப் டிஸ்கும் ஒன்றாகவே மூழ்கின. அக்கா வீடு வேறு ஊரில் இருந்தால் ஒரு டிஸ்க் அங்கே போகட்டும். பதிலுக்கு அவர்களுடையதை நாம் வைத்துக்கொள்ளலாம்.

பழைய டிஸ்கை உடனே ஃபார்மேட் செய்யாதே. அதுவே இன்னும் ஒரு நகல். சில மாதம் யாரும் 'அது எங்கே?' என்று கேட்காவிட்டால் பிறகு முழுக்க அழித்துவிட்டுக் கொடுக்கலாம். அழிக்காமல் பழைய சாமான் கடைக்குப் போட்டால் பான் கார்டு நகல், பாங்க் பாஸ்புக் ஸ்கேன் எல்லாம் அதோடு போகும்.

*

டிஸ்கின் மேல் ஒட்ட வேண்டிய சீட்டு: எடுத்த தேதி. எந்த மெஷின். எந்த மென்பொருளால் எடுத்தது, எப்படித் திறப்பது. தமிழ் ஃபைல்கள் எந்த எழுத்துருவில். படிக்க முடியாமல் விட்ட ஃபைல்களின் பட்டியல் எங்கே. இன்னொரு நகல் யார் வீட்டில். பாஸ்வேர்டை மட்டும் சீட்டில் எழுத வேண்டாம். அது யாரிடம் இருக்கிறது என்று எழுதினால் போதும், அந்த ஆளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும்.